பாரத்துக்கு ஓர் ஆள்

தலைக்கவசத்துக்குள் வெர்லின் ஹாகன் ஒரே சுரத்தைப் பிடித்து முனகிக்கொண்டு வருகிறார். வண்டி கற்பாதையில் ஏறும்போது சுரம் நடுங்குகிறது. குறுக்கே போட்ட மரக்கட்டைகளில் ஏறி இறங்கும்போது விக்குகிறது. சதுப்பைக் கடந்து மேட்டுக்கு வந்ததும் நிறுத்தி, ஒரு கையுறையைப் பல்லால் கடித்து உருவி, சட்டைப் பையிலிருந்து பென்சில் துண்டை எடுத்து எழுதுகிறார்: ‘ஏற்றத்தில், பாதி வேகத்தில், ஈரத் துணியை உதறுவது போலப் பின்பக்கம் உதறுகிறான். இடது தொடையில் அதிகம்.’ வண்டி அவருக்கு எப்போதும் ‘அவன்’தான். வண்டியில் பொருத்திய கருவிகளும் இதையேதான் சொல்லும், ஆனால் மறுநாள் சொல்லும், எண்களில் சொல்லும்.

“குரல் எங்க ஒடையுதோ, வண்டியும் அங்கதான் ஒடையும்” என்பார். சர்ச் பாடகர் குழுவிலும் அடிக்குரல் அவருடையதுதான். அங்கே அது ஆடாமல் நிற்பதில்லை என்று ஒரு புகார் உண்டு.

மினசோட்டாவின் வட எல்லையில், கனடாவுக்கு அரை மணி தூரத்தில், எங்கள் ஊரையே சோறு போட்டுக் காப்பாற்றும் தொழிற்சாலை அது. சேறு, பாறை, பனி எதிலும் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஏடிவி வண்டிகள் செய்கிறார்கள். குதிரைமேல் உட்காருவது போல் கால் பரப்பி உட்கார்ந்து ஓட்டுவது. புதிதாக ஒரு மாதிரி உருவானால், கடைக்குப் போகும் முன் மூன்று பேர் அதை ஓட்டியாக வேண்டும். சோதனைத் தாளில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. லேசு, நடு, பாரம். அவ்வளவுதான். இருபத்திரண்டு ஆண்டுகளாக ‘பாரம்’ என்றால் வெர்லின்.

பெட்டிகளை நிறுக்கும் தரைத் தராசில் ஒவ்வொரு காலையும் பூட்ஸ், கோட்டு, கவசம் எல்லாவற்றோடும் ஏறி நிற்பார். முந்நூறு பவுண்டுக்குக் குறைந்தால் அன்று ஓட்ட முடியாது. அவர் குறைந்ததே இல்லை. எப்போதும் முந்நூற்றுப் பத்து. நூற்று நாற்பது கிலோ. ஏறும்போது முகத்தில் கூச்சமே இருக்காது. மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய பூசணிக்காய்க்கு முகம் இருந்தால் அப்படி இருக்கும். எண்ணைத் தாளில் அவரே எழுதுவார். யாரும் சரிபார்ப்பதில்லை, வெர்லின் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்.

எந்த வண்டியையும் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. “பரவால்ல இவன்” என்பதுதான் அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சப் பாராட்டு. அந்த ஒரு சொல்லுக்காகத் தலைமைப் பொறியாளர் பாகூ வாங் வாரக்கணக்கில் காத்திருந்ததுண்டு. மதியச் சாப்பாட்டை வெள்ளித்தாளில் சுற்றி இன்ஜின்மேல் வைத்துச் சூடாக்கிக்கொள்வார். எந்த வண்டியில் எந்த இடத்தில் வைத்தால் ரொட்டி கருகாது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அதையும் ஒருமுறை சோதனைத் தாளில் எழுதி, பாகூவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த மனிதருக்குப் போன ஆண்டு ஜூனில் ஒரு தடை வந்தது.

அவர் மனைவி ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் அறுபது மைல் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி திரும்பி வருவாள். ஒன்றைக் கொடுக்கலாமா என்று வெர்லினின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். பொருந்தியது. டாக்டர் ஃபைலை மூடிவிட்டுச் சொன்னார்: “உங்க கிட்னி ரெண்டும் அருமையா இருக்கு. எடைதான் சரியில்ல. இருநூத்தி நாப்பத்தஞ்சுக்குக் கீழ வாங்க, எடுத்துக்கறோம்.”

காரில் ஏறியதும் ஆர்டிஸ் சிரித்தாள். “முப்பது வருஷமா நான் சொன்னதத்தான் அவரும் சொல்றாரு. இதக் கேக்க இவ்வளவு தூரம் வரணுமா?”

வெர்லின் சிரிக்கவில்லை. ஐம்பது பவுண்டுக்கு மேல் குறைய வேண்டும். குறைந்தால் அவர் ‘பாரம்’ இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘லேசு’ இடத்தில் கோரி என்றொரு பெண் இருந்தாள். பிள்ளை பெற்றபின் உடம்பு பழைய எடைக்குத் திரும்பவில்லை. அரைநாள் வேலைக்கு மாற்றினார்கள். அரைநாள் வேலைக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. ஆர்டிஸின் வாரம் மூன்று நாள், வரப்போகும் அறுவைச் சிகிச்சை, அதற்குப் பிறகு ஆயுள் முழுதும் விழுங்க வேண்டிய மாத்திரைகள் எல்லாமே அந்தக் காப்பீட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. இளைத்தால்தான் அவளைக் காப்பாற்றலாம், இளைத்தால் அவளைக் காப்பாற்றும் காப்பீடு போய்விடும். அந்தக் கணக்கை அறுபது மைலும் மனதுக்குள் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை.

ஆனாலும் மறுநாளே சாப்பாட்டைக் குறைத்தார். வெண்ணெய் போனது, பன்றி இறைச்சி போனது, காலையில் உணவகத்தில் தின்னும் இலவங்கப்பட்டை ரொட்டி போனது. முதல் நாள் வேகவைத்த முட்டை மட்டும் கேட்டபோது பரிமாறுகிற பெண், “எங்க சமையல் மேல ஏதாவது கோவமா?” என்று கேட்டாள். குளிர்காலம் வந்தபோது கன்னம் ஒட்டி, காதுகள் பெரிதாகத் தெரிந்தன.

எங்கள் ஊரில் யாரும் யாரையும் நேரே எதுவும் கேட்பதில்லை. சாப்பாடு கொண்டுவந்து வைப்பார்கள். வெர்லினுக்குப் புற்றுநோய் என்று ஊர் தானாக முடிவு செய்துகொண்டது. வாசற்படியில் பாத்திரங்கள் வரத் தொடங்கின. உருளைக்கிழங்கும் அரைத்த மாட்டுக்கறியும் பாலாடைக்கட்டியும் அடுக்கி, அடுப்பில் வைத்துப் பொன்னிறமாக எடுத்தவை. மூடியைத் திறந்தால் ஆவியோடு அந்த வாசனை. ஒரு மனிதனைப் பட்டினி போட்டு, எதிரே விருந்தும் வைத்தால் என்ன செய்வான்? மூடியை மூடிவிட்டுப் பக்கத்துப் பண்ணை லைலிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

லைல் வான்கோழி வளர்க்கிறவர், வெர்லினோடு ஒரே வகுப்பில் படித்தவர், உடம்பிலும் அவருக்குச் சளைக்காதவர். “உனக்கு ஒண்ணும் இல்லன்னு ஊருக்குச் சொல்லிடாதடா” என்றார், வாய் நிறையச் சாப்பாட்டோடு. “வசந்தம் வரைக்குமாவது சாகற மாதிரியே இரு.”

இடையில் தராசு இருந்தது. வெர்லின் ஆழ்கடலில் மூழ்குகிறவர்கள் இடுப்பில் கட்டும் ஈயப் பட்டை ஒன்றைப் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் வாங்கினார். அது போதாமல் போனபோது மீன்பிடிக்கும் ஈயக் குண்டுகளைக் கோட்டின் கீழ் ஓரத்தில் வைத்துத் தைத்தார். பிறகு பூட்ஸுக்குள் தகடு. உடம்பில் குறைந்தது ஈயத்தில் ஏறியது. தராசு முந்நூற்றுப் பத்திலேயே நின்றது. அந்த எண்ணை எழுதும்போது மட்டும் அவருடைய கையெழுத்து சிறுத்தது.

ஆர்டிஸிடம் சொல்லவில்லை. ஜனவரியில் ஒரு மாலை கோட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டியதும், கொக்கி பலகையோடு பெயர்ந்து தரையில் விழுந்தது. அவள் குனிந்து கோட்டைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஓரத்தைத் தடவினாள். தையலைப் பார்த்தாள், இவ்வளவு மோசமாகத் தைக்கக்கூடியவர் அந்த வீட்டில் ஒருவர்தான்.

“தராசுகிட்ட பொய். கம்பெனிகிட்ட பொய். என்கிட்டயும் பொய். டாக்டர்கிட்ட மட்டுந்தான் நிஜமா?”

“வேற வழி இருந்தா சொல்லு, ஆர்டி.”

அவள் ஊசிநூலை எடுத்து வந்து அவர் தைத்ததைப் பிரித்து, அடுத்த தடவை கொட்டிவிடாதபடி ஒழுங்காகத் தைத்துக் கொடுத்தாள்.

ஏப்ரலில் மருத்துவமனைத் தராசு இருநூற்று நாற்பத்துநான்கு காட்டியது. ஜூன் பத்தொன்பது என்று நாள் குறித்தார்கள்.

மே மாதத்தில் அந்த வண்டி வந்தது. கம்பெனி அதுவரை செய்ததிலேயே வலுவானது. ஒரு சரக்கு லாரியைச் சேற்றிலிருந்து இழுத்துவிடும். ஆனால் உயரம். கடைசிச் சோதனை, பக்கச் சரிவு. புல் மேட்டில் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஒரு பக்கம் சாய்ந்தபடியே குறுக்கே ஓட்ட வேண்டும். கவிழ்ந்தால் ஆள் நசுங்காமலிருக்க இரண்டு பக்கமும் நீளமான தாங்குகம்பிகள் பொருத்தியிருப்பார்கள். லேசு ஓட்டினாள், கடந்தது. நடு ஓட்டினார், கடந்தது. வெர்லின் மூன்று முறை ஓட்டினார். மூன்று முறையும் சக்கரம் புல்லை விடவில்லை. கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். மூன்று வாரத்தில் கடைகளுக்கு.

பாகூ தாளை நீட்டினார். “ஒரு ‘பரவால்ல’ போடுங்க வெர்லின், நான் சாப்பிடப் போறேன்.”

பென்சில் தாளுக்கு மேலே நின்றது. “நாளைக்கு எழுதறேனே” என்றார்.

மேட்டின் நடுவில் வண்டி சாய்ந்தபோது, அவர் உடம்பு தானாக மேட்டுப் பக்கம் வளைந்திருந்தது. இளவட்டம் மாதிரி வளைந்தது. இடுப்பில் கட்டிய ஈயமோ நங்கூரம் போட்டாற்போல இருக்கையோடு அவரை அழுத்திப் பிடித்தது. அவருடைய பழைய வயிறு அந்த இடத்தில் பள்ளத்துப் பக்கம் போயிருக்கும். அவரைக் கேட்காமலே போயிருக்கும்.

வெளிச்சம் மங்காத மாலை. சாப்பாட்டு மேசையில் அவர் தட்டில் கேரட். அவள் தட்டில் அவளுக்கு அனுமதித்த கொஞ்சம்.

“என்ன, கேரட் தொண்டைல சிக்கிடுச்சா?”

“சரிவுல ஓட்டினேன். தாண்டிட்டான்.”

“நல்லதுதானே?”

“நான் இருந்ததால தாண்டினான். லைல் உக்காந்தா தாண்ட மாட்டான்.”

ஆர்டிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். ஓடையோரச் சரிவில் வேலி பார்க்க அந்த வண்டிதான் வேண்டும் என்று லைல் குளிர்காலத்திலேயே கடையில் சொல்லிவைத்திருந்தது ஊருக்கே தெரியும்.

“ஆபரேஷனுக்கு இன்னும் அஞ்சு வாரம். வண்டி கடைக்கு எப்ப வருது?”

“மூணு வாரத்துல.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அவனுக்கு ஒண்ணு ஆயிட்டா, அவன் பொண்டாட்டி மூஞ்சில ஞாயித்துக்கிழமை நான் எப்படி முழிப்பேன்? உன் கிட்னிய உள்ள வச்சுக்கிட்டு?”

“காப்பீடு போயிடலாம், ஆர்டி.”

“போகலாம். எனக்கும் பயமாத்தான் இருக்கு.” அவர் தட்டிலிருந்து ஒரு கேரட் துண்டை எடுத்துக் கடித்தாள். “போய்ச் சொல்லு. அந்தக் கோட்டையும் அங்கயே விட்டுட்டு வா. என் சுவரு தாங்காது.”

மறுநாள் காலை பாகூவைத் தராசுக்குப் பக்கத்தில் வரச் சொன்னார். ஏறி நின்றார். முந்நூற்றுப் பத்து. பட்டையை அவிழ்த்துத் தரையில் போட்டார், இருநூற்று எண்பத்தைந்து. கோட்டைக் கழற்றி, பாகூவின் காலில் விழாமல் எட்டத்தில் போட்டார், அது கல் விழுந்த மாதிரி விழுந்தது. குனிந்து பூட்ஸையும் உள்ளே இருந்த தகடுகளோடு கழற்றினார். இருநூற்று நாற்பத்தேழு. காலுறையோடு நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். சிறுநீரகம், கோரி, பதினோரு மாதம், சரிவு.

பாகூ அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணை நம்பி வளர்ந்தவர் அவர். “பதினோரு மாச வேலை குப்பைக்குப் போச்சு” என்றார். குரல் உயரவில்லை. அது உயர்ந்திருந்தால் வெர்லினுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “உங்க மூஞ்சியப் பாத்தேன் வெர்லின். தினம் பாத்தேன். தாள்ல இருந்த எண்ணையும் பாத்தேன். நான் எண்ணைத்தான் நம்பினேன்.”

“என் தப்புதான்.”

“உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு நெனச்சு எங்கம்மா சூப் வச்சுக் குடுத்தாங்க. மூணு தடவ.”

“நல்லா இருந்துச்சுன்னு லைல் சொன்னான்.”

பாகூ உதட்டைக் கடித்துக்கொண்டார். கோபத்திலா, வேறெதிலா என்று சொல்ல முடியாது. “யாரு அந்த லைல்? என்ன எடை இருப்பாரு?”

மதியத்துக்குள் லைலை அழைத்து வந்து, நான்கு தாளில் கையெழுத்து வாங்கி, தராசில் ஏற்றினார்கள். “என்னடா இது, மாட்டுச் சந்தையா?” என்றார் லைல். முந்நூற்றுப் பதினெட்டு. “இதுல இருபது பவுண்டு உன் வீட்டு வாசப்படியில வந்தது.”

தாங்குகம்பிகளை இருமுறை சரிபார்த்தார்கள். நடக்கிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று பாகூ மூன்று முறை சொன்னார். வண்டி மேட்டின் குறுக்கே போனது. பாதி தூரம் வரை ஒன்றுமில்லை. பிறகு மேட்டுப் பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் மெதுவாக, யாரோ அடியில் கைகொடுத்துத் தூக்குவது போல, புல்லை விட்டு எழுந்தன. தாங்குகம்பி மண்ணில் தொப்பென்று ஊன்றியது. லைல் பள்ளத்தைப் பார்த்தபடி ஒரு பக்கமாகத் தொங்கினார். அவர் வாயிலிருந்து ஒரு கேலியும் வரவில்லை.

வெர்லின் ஓடினார். அவர் ஓடி அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. எல்லாருக்கும் முன்னால் மேட்டில் ஏறிப்போய்ப் பள்ளத்துப் பக்கம் தோளைக் கொடுத்து நின்றுகொண்டார். “கையப் புடி. கீழ பாக்காத. என்னப் பாரு.”

“கம்பி இல்லன்னா?” என்று லைல் கேட்டார்.

“இருக்கில்ல. எறங்கு.”

சக்கரங்களைப் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் வெளியே தள்ளினார்கள், இருக்கையைத் தாழ்த்தினார்கள். விற்பனை இலையுதிர் காலத்துக்குப் போனது. மேலிடத்தில் பாகூ என்ன பேசினார் என்று தெரியாது. இரண்டு மணி நேரம் கதவு மூடியிருந்தது. வெர்லினுக்கு இரண்டு வாரம் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. அதன்பின் உதிரிபாகக் கிடங்கில் முழுநேர வேலை. முழுநேரம், ஆகவே காப்பீடு இருந்தது. மறுபடி ஓட்டலாமா என்று கேட்டதற்கு, “ஆபரேஷன் முடியட்டும், பாக்கலாம்” என்றார் பாகூ. அந்தப் ‘பாக்கலாம்’ எந்தப் பக்கம் சாயும் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

‘பாரம்’ இடத்தில் வாரம் இரண்டு நாள் லைல் வருகிறார். கிடங்கின் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வெர்லின் திருகாணிப் பெட்டிகளிடம் குறைபட்டுக்கொள்வார்: “எல்லாத்துக்கும் ‘சூப்பர்’னு எழுதறான். அவனுக்கு எதுதான் சூப்பர் இல்ல?”

ஜூன் பத்தொன்பதாம் தேதி நகரத்து மருத்துவமனையில் அவரிடமிருந்து ஒன்றை எடுத்து அவள் அடிவயிற்றில் வைத்தார்கள். அவருடையது அவளுக்குள் போன அன்றே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. “பரவால்லயா இவன்?” என்று மறுநாள் சக்கர நாற்காலியில் வந்து கேட்டார். முகம் வெளுத்து, ஒரு கை வயிற்றுத் தையல்மேல். “உன்ன மாதிரிதான்” என்றாள் ஆர்டிஸ். “சத்தம் போடாம கெடக்கு.” மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுத்து ஐந்து வாரம் இருந்தார்கள். அவள் நகங்களில் பழைய இளஞ்சிவப்பு திரும்பி வந்தது. ஒரு நாள், இத்தனை காலம் அவளுக்கு விலக்கியிருந்த உருளைக்கிழங்கு ஒன்றை முழுதாகத் தின்றாள், தின்றுவிட்டு அழுதாள்.

ஜூலைக் கடைசியில் வீடு திரும்பினார்கள். டாக்டர் அனுமதித்துவிட்டதால் வெர்லினே ஓட்டினார். நெடுஞ்சாலை முடிந்து, வீட்டுக்குப் போகும் எட்டு மைல் சரளைப் பாதை வந்தது. கோடை மழையில் அரித்து, துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாகக் கிடந்தது. வேகத்தைக் குறைத்தார். பிறகு இன்னும் குறைத்தார். கல்லுக்குக் கல் வளைத்து வளைத்து ஓட்டினார். பின்னால் வந்த மரலாரிக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கையசைத்துத் தாண்டிப் போனார்.

“எறங்கி நடந்தா நான் முன்னாடி போயிடுவேன் போல” என்றாள் ஆர்டிஸ்.

பாலத்துக்கு முன்னால் ஒரு குழி. வண்டி கிட்டத்தட்ட நின்றுவிட்டது. வெர்லினின் வலது கை ஸ்டியரிங்கை விட்டு நீண்டு, அவள் அடிவயிற்றுக்கு முன்னால், தொடாமல், ஒரு விரலிடை தள்ளி விரிந்து நின்றது. முன்சக்கரம் மெல்ல இறங்கியது, மெல்ல ஏறியது.

“ரெண்டு கையாலயும் ஓட்டு.”

“ம்.”

பின்சக்கரமும் இறங்கி ஏறியது. பாலம் போனது, அடுத்த வளைவும் போனது. கை அங்கேயே இருந்தது.